நங்கையா கொண்டு வந்த பாட்டில்கள்

என்னுடைய ஏனுங்கவுக்கு,

முப்பத்திரண்டு வருஷம் உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏனுங்க என்று ஒரு குரல் கொடுத்தால், லேத் ஓடுகிற சத்தத்திலும் உங்களுக்குக் கேட்டுவிடும். கடிதத்திலும் அதே பெயர் இருக்கட்டும். கேட்கிறதா?

நீங்கள் போய் ஐந்து மாதம் முடிந்துவிட்டது. சிங்காநல்லூர் வீடு அப்படியேதான் இருக்கிறது. உங்கள் மகள் பெங்களூரிலிருந்து தினமும் போன் செய்கிறாள், நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறாள், சாப்பிட்டேன் என்று சொன்னால் நம்புவதில்லை. அந்தக் குணம் அவளுக்கு என்னிடமிருந்து வந்தது. என்னை சந்தேகப் பிராணி என்று நீங்கள் சொல்வீர்களே, அந்தப் பிராணி இந்த மார்கழியில் பட்ட பாட்டைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

விஷயம் தோலைப் பற்றியது. சிரிக்காதீர்கள்.

ஒவ்வொரு மார்கழியும் உங்கள் கைதான் வெடிக்கும். பட்டறை கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவிக் கழுவி, விரல் மடிப்பெல்லாம் பிளந்து நிற்கும். எனக்கு ஒன்றும் ஆகாது. “உன்ர தோலு எருமைத் தோலு, அம்மிணி” என்பீர்கள். எருமையும் இல்லை, ஒன்றும் இல்லை. நூல் அறாமல் இருக்க மில்லுக்குள் நாளெல்லாம் ஈரக்காற்று விடுவார்கள். தரம் பார்க்கிற பிரிவில் உட்கார்ந்து இருபத்தாறு வருஷம் நூலோடு சேர்ந்து நானும் அந்த ஈரத்தில் இருந்துவிட்டேன். போன வைகாசியில் வேலையை விட்டு நின்றேன், ஆவணியில் நீங்கள் போனீர்கள். வெளிக்காற்றோடு முழுசாக இருந்த முதல் பனிக்காலம் எனக்கு இதுதான்.

கார்த்திகை கடைசியில் முழங்காலுக்குக் கீழே வெள்ளை பூத்தது. நகத்தால் கீறினால் கோடு விழுந்தது. உதடு வெடித்து, ரசம் பட்டால் எரிந்தது. குதிகால் பிளந்து, காலை எழுந்து தரையில் மிதித்தால் உயிர் போய் வந்தது. இந்த வயதில் கண்ணாடி பார்ப்பவள் இல்லை நான். வலித்ததால்தான் பார்த்தேன்.

எண்ணெய் பூசிக்கொள்ள வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் சந்தேகம்.

உங்கள் காரியம் முடிந்த அன்று உங்கள் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, “இனி மஞ்சப் பூசாத, அம்மிணி” என்றார். சரி என்றேன். எண்ணெய் பூசாதே என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கே, நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து, பக்கத்து அறையில் பெண்கள் வேறொருத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். “அவ மூஞ்சியப் பாத்தீங்களா? புருசன் போயி இன்னும் வருசம் ஆகல, எப்படிப் பளபளங்குது!” அந்தக் கூட்டத்தில் உங்கள் அக்காவும் இருந்தார். அவர் மட்டும் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பவர்களைத்தான் எனக்கு அதிகம் சந்தேகம். பேசுகிறவர்கள் அங்கேயே கொட்டிவிடுவார்கள், பேசாதவர்கள் மூட்டை கட்டி எடுத்துப் போவார்கள்.

உங்கள் அக்காவை, என் நங்கையாவை, உங்களுக்குத் தெரியாததில்லை. நீங்கள் இருந்தவரை வெள்ளகோவிலிலிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை வருவார். தீபாவளிக்கு ஒரு தடவை, ஏதாவது விசேஷத்துக்கு ஒரு தடவை. இப்போது வாரத்துக்கு ஒரு தடவை வந்தார். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வெயிலில் நடந்து, பையில் ஒரு பாட்டிலோடு. ஏன்? தம்பியே போன பிறகு இந்த வீட்டில் அவருக்கு என்ன வேலை?

முதல் தடவை தேங்காய் எண்ணெய். அவர்கள் தோட்டத்துக் கொப்பரை, அவரே கூட நின்று ஆட்டி வாங்கியது. பனியில் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடந்தது. “வெயில்ல வெச்சீனா எளகிக்கும். குளிச்ச ஈரத்தோட பூசோணும், காஞ்சப்பறம் பூசுனா நிக்காது” என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நீ பூசுவாயா, மாட்டாயா என்று பார்க்கிற பார்வை.

எனக்குப் பொறி தட்டியது. இது சோதனை. நான் பூசினால் அந்தச் செய்தி வெள்ளகோவிலிலிருந்து கோபிசெட்டிபாளையம் வரை உங்கள் சொந்தக்காரர் வீடெல்லாம் போய்ச் சேரும். தம்பி சாம்பல் ஆறவில்லை, பெண்டாட்டி பளபளக்கிறாள் என்று.

ஆனால் கால் வலிக்கிறதே. அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் போனதும் பாட்டிலை வெயிலில் வைத்து இளக்கி, பாதியை ஒரு எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி அலமாரியில் ஒளித்தேன். குறைந்த அளவுக்குக் கடை எண்ணெயை ஊற்றி, பாட்டிலை முன்பு இருந்த மட்டத்துக்கே கொண்டு வந்து, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி சமையல் மேடையில் வைத்தேன். தரம் பார்த்தவள் செய்கிற கலப்படம். நீங்கள் இருந்திருந்தால் உட்கார்ந்து சிரித்திருப்பீர்கள்.

அடுத்த தடவை வந்தவர் நேராகப் பாட்டிலைத்தான் பார்த்தார். மட்டம் குறையவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அதற்கும் ஏற்பாடு செய்திருந்தேன். அவர் பஸ் ஏறிவிட்டேன் என்று போன் செய்ததும், துணி துவைக்கிற சோப்பை எடுத்து முகம், கை, கால் எல்லாம் தேய்த்துக் கழுவிவிட்டேன். ஒரு வாரமாகப் பூசி மிருதுவாக்கிய தோல், அரைமணி நேரத்தில் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிட்டது.

“என்ன அம்மிணி, இப்படிக் காஞ்சு கெடக்கற? எண்ண ஒத்துக்கலயா?” என்றார்.

“எனக்கென்னங்க நங்கையா, இனி எண்ணெயும் மண்ணும்” என்றேன். துக்கம் கொண்டாடுகிறவள் மாதிரி குரலையும் இறக்கிச் சொன்னேன்.

அவர் முகம் வாடிப்போனது. ஏமாந்துவிட்டார், வேவு பார்க்க வந்தவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று நான் மனசுக்குள் சந்தோஷப்பட்டேன்.

இதில் விபரீதம் என்னவென்றால், நான் காய்ந்து கிடப்பதைப் பார்க்கப் பார்க்க அவர் புதுசு புதுசாகக் கொண்டு வந்தார். அடுத்த முறை விளக்கெண்ணெய், குதிகாலுக்கு. அதற்கடுத்த முறை வறுக்காமல் அரைத்த பயத்தமாவு. “சோப்பே போடாத, இதத் தேச்சுக் குளி. சுடுதண்ணி வேண்டாம், வெதுவெதுன்னு இருந்தாப் போதும்” என்று சொன்னார். உதட்டுக்கு நெய் ஒரு சின்னக் குப்பியில். சோற்றுக்கற்றாழை ஒரு மடல், செய்தித்தாளில் சுற்றி. நான் ஒவ்வொன்றையும் முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பார்ப்பேன். அவரை நம்பாததால் அல்ல, எதையுமே நம்பாததால். கற்றாழை எனக்கு அரித்தது, விட்டுவிட்டேன். மற்றதெல்லாம் தோலுக்குக் கேட்டது. பயத்தமாவு தேய்த்து, ஈரம் முழுசாகத் துடைக்காமல் தேங்காய் எண்ணெய் பூசினால், சாயங்காலம் வரை தோல் இழுக்காமல் இருந்தது. அப்புறம் அவர் பஸ் ஏறுவார், நான் துணி சோப்பை எடுப்பேன்.

இதற்கு நடுவில் பின்வீட்டு மும்தாஜ் அக்கா ஒரு நாள் என்னைப் பார்த்துவிட்டார். அவர் வீட்டுக்காரர் தையல்காரர், உங்களுக்கு முன்பே அவரும் போய்விட்டார் இல்லையா? கொல்லைக் குழாயடியில் நான் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன சந்திரா, அது மூஞ்சியா, அடிப்பிடிச்ச பாத்திரமா?” என்றார்.

மறைக்க முடியவில்லை. நங்கையா வருவதையும் என் பயத்தையும் சொன்னேன். அவர் ஈரத் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டே கேட்டார். “எங்கள்ல புருசன் போனா நாலு மாசம் பத்து நாளு. அதுவரைக்கும் ஒரு அலங்காரமும் இல்ல. அது முடிஞ்சதும் தலைக்குக் குளிச்சு எண்ண வச்சு வெளிய வந்துட்டேன். எதுக்கு வந்தேன்னு யாரும் கேக்கல. உங்கள்ல எத்தன நாளு?”

எத்தனை நாள்? யாராவது சொல்லியிருக்கிறார்களா? உங்களுக்குத் தெரியுமா? வாழ்க்கை முழுவதும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் முடிகிற தேதியையும் யாரும் சொல்லவில்லை. இவர் எதற்கு இதைக் கேட்கிறார், நம்மை இளக்காரமாக நினைக்கிறாரோ என்று அவர் மீதும் ஒரு சந்தேகம் வந்தது. அப்புறம் அது போய்விட்டது, கேள்வி மட்டும் நின்றுவிட்டது.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். மதியம் வாரேன் என்று நங்கையா போன் செய்திருந்தார். நேரம் இருக்கிறதே என்று நிதானமாகக் குளித்தேன். கையில் எண்ணெய், உதட்டில் நெய், குதிகாலில் விளக்கெண்ணெய். சாவகாசமாகத் தேய்த்துக் கழுவிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தபோது கேட் திறக்கிற சத்தம். யாரோ சொந்தக்காரர் காரில் வந்தார்களாம், இவரையும் ஏற்றிக்கொண்டு பத்து மணிக்கே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் கைகளைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். மொசைக் தரை முழுக்கக் குளியலறையிலிருந்து கூடம் வரை என் குதிகால் எண்ணெய்த் தடம்.

“பூசியிருக்கறயா?”

“இல்லீங்க நங்கையா” என்றேன், நெய் வழிகிற உதட்டோடு.

“பொய் சொல்லாத அம்மிணி.”

அப்போது எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. ஐந்து மாதமாக அடக்கி வைத்த கோபம். உங்கள் அக்காவிடம் நான் ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை, அன்று கத்தினேன். “ஆமாங்க, பூசறேன். மொதல் நாள்ல இருந்தே பூசறேன். காலு வெடிச்சு ரத்தம் வருது, நடக்க முடியல. ஆருகிட்ட வேணாப் போயிச் சொல்லிக்கோங்க. ஊரெல்லாம் சொல்லிக்கோங்க!”

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, சோபாவில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். அழுதுகொண்டிருக்கிறார் என்று எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

“நான் ஆருகிட்டப் போயிச் சொல்றது? நீ பூச மாட்டீங்கறயேன்னுதான நான் மாத்தி மாத்திக் கொண்டாந்தேன். இதாவது பூசுவியா, அதாவது பூசுவியான்னு.”

“நான் பூசுனா உங்களுக்கென்னங்க?”

“நீ பூசுனீனா நானும் பூசலாமுன்னு இருந்தேன்.”

எனக்குப் புரியவில்லை. அவரே தொடர்ந்து சொன்னார். “எங்க ஊட்டுக்காரரு போயி இருவத்திரெண்டு வருசம் ஆச்சு. எங்க மாமியா அன்னிக்கு மஞ்ச, எண்ண, எல்லாத்தையும் எடுத்து உள்ள வெச்சுப் பூட்டிப்போட்டாங்க. அவிங்க போயிச் சேந்தும் பன்னெண்டு வருசம் ஆச்சு, பூட்டத் தொறக்கறக்கு எனக்குத் தெகிரியம் வரல. பையனும் மருமகளும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எனக்குத்தான் கூச்சம். என்ர தம்பி பொண்டாட்டியே பூசறா, படிச்சவ, மில்லுக்குப் போனவ, அவளே பூசறா, நான் பூசுனா என்னன்னு ஒரு சாக்கு வேணுமில்ல? நீ என்னடான்னா என்னவிடக் காஞ்சு கெடந்த.”

ஏனுங்க, நான் துணி சோப்புப் போட்டுக் காயவைத்த முகத்தைப் பார்த்து, இவளும் துணியவில்லை என்று அந்த மனுஷி ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு திரும்பிப் போயிருக்கிறார். நான் சாமர்த்தியம் என்று நினைத்துச் செய்ததெல்லாம் அவர் வாசலில் போட்ட முள்.

“காலக் காட்டுங்க” என்றேன். மாட்டேன் என்று சேலையை இழுத்து மூடினார். நானே விலக்கினேன்.

என் வெடிப்பெல்லாம் ஒன்றுமே இல்லை. அவர் குதிகாலில் என் சுண்டுவிரல் நகம் நுழைகிற ஆழத்துக்குப் பிளவுகள். ஒவ்வொன்றிலும் நூல் மாட்டியிருந்தது. இருபத்தாறு வருஷம் நூல் பார்த்த கண், பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அவர் கட்டியிருந்த சேலையின் கரை நூல். நடக்கும்போதெல்லாம் சேலை வெடிப்பில் மாட்டி இழுத்து அறுந்திருக்கிறது. இந்தக் காலோடு பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து, எனக்கு எண்ணெய் கொண்டு வந்திருக்கிறார்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களைக் கேட்கும்போது என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். இருபத்திரண்டு தீபாவளிக்கு அவர் நம் வீட்டுக்கு வந்தார். விடியலில் நமக்கு முன்பே எழுந்து வெந்நீர் போட்டார். நம் மகளுக்கு, உங்களுக்கு, எனக்கு என்று எல்லோர் தலையிலும் எண்ணெய் வைத்தது யார்? அவர் தலையில் யார் வைத்தார்கள்? நீங்கள் ஒரு நாளாவது பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை. சேலை எடுத்துக் கொடுத்தோம், பலகாரம் கட்டிக் கொடுத்தோம், நல்லபடியாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று நினைத்துக்கொண்டோம். ஊரில் உள்ளவர்களையெல்லாம் சந்தேகப்பட்ட நான், என்னை ஒரு தடவை சந்தேகப்பட்டிருக்கலாம்.

அன்று வெதுவெதுப்பான தண்ணீரில் அவர் காலை ஊறவைத்தேன். கூச்சத்தில் நெளிந்தார். “உடு அம்மிணி, நீ போயி என்ர காலப் புடிக்கறதா?” என்று பத்துத் தடவை சொல்லியிருப்பார். நூலையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தேன். துண்டால் ஒற்றி, ஈரம் இருக்கும்போதே விளக்கெண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் கலந்து தடவினேன். எண்ணெய் தரையில் போகாமல் இருக்கச் சாக்ஸ் வேண்டியிருந்தது. என்னிடம் ஏது சாக்ஸ்? உங்கள் பட்டறை ஷூவுக்குப் போடுவீர்களே, அந்தச் சாம்பல் நிற ஜோடி. ஐந்து மாதமாக நான் அந்த டிராயரைத் திறக்கவில்லை. அன்று திறந்தேன். உங்கள் சாக்ஸை மாட்டிக்கொண்டு, உங்கள் அக்கா கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகையும் வந்தது. கடை எண்ணெயைக் கலந்து மட்டம் சரிசெய்த கதையைச் சொன்னேன். “அடிப்பாவி, என்ர கொப்பரை எண்ணெயிலயா?” என்று அவரும் அழுகையோடு சிரித்தார்.

இரண்டு நாள் தங்கினார். கைக்கும் பூசிவிட்டேன், முகத்துக்கும் பூசிவிட்டேன். கண்ணாடி காட்டினேன், பார்க்க மாட்டேன் என்று தலையைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் நான் அடுப்படிக்குப் போன சமயத்தில் பார்த்தார். அதை நான் பார்த்தேன்.

ஆனால் உங்கள் மனைவியின் புத்தி எங்கே போகும்? பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போதே சந்தேகம் வந்துவிட்டது. வழியில் காங்கயம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டுதான் ஊருக்குள் போவார். நான் துணி சோப்புப் போட்டவள், எனக்குத் தெரியாதா? அன்று சாயங்காலமே வீடியோ கால் போட்டேன். “கையக் காட்டுங்க” என்றேன். “பூசியிருக்கறேன் சாமி, நம்பு” என்றார். “காட்டுங்க” என்றேன். இப்போது தினமும் அதுதான் நடக்கிறது. முதலில் கை, அப்புறம் குதிகால், கடைசியில் முகம். நேற்று அவர் மருமகளே போனை வாங்கி, “நான் பூசி உடறேனுங்க, நீங்க கவலப்படாதீங்க” என்று சொன்னாள். அவளையும் நான் முழுசாக நம்பவில்லை. பூசுகிறபோதே காட்டச் சொல்லியிருக்கிறேன்.

குதிகால் மூடிக்கொண்டு வருகிறது. முகத்தில் வெள்ளை போய்விட்டது. உங்கள் ஜாடை அவருக்கு இருக்கிறது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. இத்தனை வருஷம் அது வறட்சிக்குள் ஒளிந்திருந்தது போல.

ஆவணியில் உங்கள் முதல் வருஷத் திதி வரும். சித்தி வருவார், எல்லோரும் வருவார்கள். அன்று காலை நங்கையாவை உட்காரவைத்து முதலில் அவர் தலையில் நான் எண்ணெய் வைப்பேன், அப்புறம் அவர் எனக்கு வைப்பார். இரண்டு பேரும் முகம் கை கால் எல்லாம் பூசிக்கொண்டு வந்து உங்கள் படத்துக்கு முன்னால் உட்காருவோம். ஆவணியில் பனி இல்லை, தோல் வறளாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் பூசிக்கொள்வோம். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் மனைவியும்,
உங்கள் அக்காவுக்கு என்றைக்கும் தம்பி பெண்டாட்டியுமான
சந்திரா